பட்டியலும் சான்றும்: தமிழ் – கொரியத் தொடர்பாய்வுகள் குறித்த ஒரு மறுப்பு

முன்னுரை

தமிழுக்கும் கொரிய மொழிக்கும் இடையே பழந்தொடர்பு உண்டு என்னும் கருத்து, கால் நூற்றாண்டாகத் தமிழ்க் கருத்தரங்குகளில் மீண்டும் மீண்டும் ஒலித்து வருகின்றது. கி.பி. 48இல் கொரியக் கடற்கரையில் இறங்கிய அரசி ஒருத்தி தமிழ்ப் பெண் என்பது அக்கருத்தின் ஒரு கால். அம்மா, அப்பா, நாள், புல் எனத் தொடங்கும் சொற்பட்டியல் மற்றொரு கால். இவ்விரண்டும் ஆய்வு முடிவுகளைப் போல மாணவர் ஏடுகளிலும் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் எடுத்தாளப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

தமிழகத்திற்கும் கொரிய நாட்டிற்கும் இடையே பழங்காலத்தில் தொடர்பே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. தொடர்பு உண்டு; அதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. ஆனால் அச்சான்றுகள் கிடக்கும் இடம் வேறு, நம் ஆய்வாளர் தேடும் இடம் வேறு. சான்றுள்ள தொடர்பைக் கைவிட்டுச் சான்றில்லாத உறவைக் கொண்டாடுவதால் தமிழாய்வுக்கு விளையும் கேட்டினை எடுத்துக்காட்டுவதே இங்கு நோக்கம். மொழிகளும் பொருள்களும் உண்மையில் எவ்வாறு கலக்கின்றன என்பதைக் காண்பதற்கு இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு உரைகல்லாக அமைகின்றது.

அரசியின் கதையும் அதன் மூலமும்

ஹோ ஹ்வாங் ஓக் என்னும் அரசியின் கதை 'சம்குக் யுசா' என்னும் நூலில் காணப்படுகின்றது. இதனைத் தொகுத்தவர் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி. காலம் ஏறத்தாழ கி.பி. 1281. அதனுள் சுருக்கித் தரப்பட்டுள்ள 'காரக்குக்கி' என்னும் பகுதி கி.பி. 1076ஐ ஒட்டி எழுதப்பட்டதாக அறியப்படுகின்றது. அயுத்த நாட்டு இளவரசி தன் பதினாறாம் அகவையில் கடல் கடந்து வந்து, கயா அரசை நிறுவிய சூரோ மன்னனை மணந்தாள் என்பது கதை. அவ்வரசி 157 ஆண்டுகள் வாழ்ந்து கி.பி. 189இல் இறந்தாள் என்றும், சூரோ வானிலிருந்து இறங்கிய பொன் முட்டையிலிருந்து பிறந்தான் என்றும் அதே நூல் உரைக்கின்றது.

நிகழ்ச்சிக்கும் ஏட்டிற்கும் இடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி உள்ளது. முட்டைப் பிறப்பைத் தொன்மம் என்று ஒதுக்கி, 157 ஆண்டு வாழ்வை மிகை என்று ஒதுக்கி, அயுத்த நாட்டை மட்டும் வரலாறு என்று கொள்வதற்கு ஏதேனும் அளவுகோல் வேண்டும். அத்தகைய அளவுகோலை இதுவரை எவரும் முன்வைக்கவில்லை. தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதே அளவுகோலாக இருந்து வருகின்றது.

அயுத்த என்னும் பெயர் எந்நாட்டைக் குறிக்கும்? வடபுலத்தார் அதனை அயோத்தி என்கின்றனர். அயோத்தியில் 2001இல் நினைவிடம் எழுப்பப்பட்டது; 2018 நவம்பரில் கொரியக் குடியரசுத் தலைவரின் துணைவியார் கிம் சுங் சூக் அங்கு வந்து விரிவாக்கப் பணியில் கலந்துகொண்டார்; 2022இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. தாய்லாந்து நாட்டு அயுத்தயா என்பார் சிலர். அந்நகரம் தோன்றியதே பதினான்காம் நூற்றாண்டில்தான். தமிழ்நாட்டாரோ ஆய் நாடு என்றும் கன்னியாகுமரி என்றும் கூறுகின்றனர். அயோத்தியின் உரிமைக்கோரலை அரசியல் என்று இகழ்வோர், அதே முறையைப் பின்பற்றித் தம் உரிமையை நிறுவ முயல்வது வியப்பிற்குரியது.

இங்கு எளிய செய்தி ஒன்று மறக்கப்படுகின்றது. ஏழாம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் முதலானோரின் நூல்களில் கங்கைச் சமவெளி நாடு ஒன்றைக் குறிக்க வழங்கும் ஒலிபெயர்ப்பே சம்குக் யுசாவிலும் காணப்படுகின்றது. பௌத்த நூல்களில் பயின்ற துறவிகளுக்கு அப்பெயர் நன்கு அறிமுகமானது. தம் நாட்டு அரச மரபைப் புத்தர் பிறந்த நாட்டோடு இணைக்க விரும்பிய பௌத்த மரபு, தான் அறிந்த புகழ்மிக்க பெயரைத் தந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். அவ்வாறு கொள்ளின் அயோத்திக்கும் குமரிக்கும் இடையிலான வழக்கே அடிபட்டுப் போகின்றது. இரண்டும் வரலாற்று இடங்கள் அல்ல, ஏட்டு மரபின் இடமே வரலாற்று இடம்.

அரசியின் பெயரைச் 'செம்பவளம்' என்று தமிழாக்கிக் கூறும் வழக்கமும் பரவியுள்ளது. ஹ்வாங் என்பதற்கு மஞ்சள் என்றும், ஓக் என்பதற்குப் பச்சைக்கல் வகை மணி என்றும் பொருள். மஞ்சள் மணி செம்பவளம் ஆனது எவ்வாறு? நிறமும் மாறி, பொருளும் மாறிய பின் எஞ்சுவது விருப்பம் ஒன்றே. சூரோ கல்லறை வாயிலில் தீட்டப்பட்டுள்ள இணைக்கயலைப் பாண்டியர் சின்னம் என்பதும் இத்தகையதே. அவ்வாயில் மிகப் பிற்காலக் கட்டடம். இணைக்கயலோ பௌத்தரும் சமணரும் எண்வகை மங்கலங்களுள் ஒன்றாகப் போற்றிய பொதுச் சின்னம். அயோத்திச் சார்பினரும் அதே கயலைத் தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர் என்பது அச்சான்றின் வலிமையைப் புலப்படுத்தும்.

கிம்ஹே பகுதியில் கிடைத்த கயா காலத்து எலும்புகளின் மரபணுக்கள் பற்றிய ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த எண்மரின் மூதாதையர் கூறுகளாக வடகிழக்காசியக் கூற்றினையும், ஜப்பானின் தொல்குடியான சோமோனோடு தொடர்புடைய கூற்றினையும் அது காட்டியது. ஓர் அரசி வரவே இல்லை என்பதற்கு இது சான்றாகாது. ஆயினும் தமிழர் கூட்டமாகச் சென்று கயாவில் குடியேறினர் என்போர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

சொற்பட்டியலின் குறைபாடு

கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிடும் முயற்சி தமிழர் தொடங்கியதன்று. 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் இவற்றின் ஒப்பிலக்கணம் ஒன்றை வெளியிட்டார். திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு இணைத்துக் கண்ட கால்டுவெல் காலத்துக் கருத்துச் சூழலிலிருந்து எழுந்த நூல் அது. அதன் பின் ஒப்பியல் மொழிநூல் நெடுந்தொலைவு வந்துவிட்டது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961இலும், அதன் இரண்டாம் பதிப்பு 1984இலும் வெளிவந்தன. ஆயினும் நம் பட்டியல்கள் ஹல்பர்ட் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

உறவுடைய மொழிகளில் ஒலிகள் ஒழுங்காக ஒத்துவரும். தமிழில் பால், பல், பத்து, போ என்றிருப்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹோகு என்றிருக்கின்றன. இச்சொற்கள் ஓசையால் விலகி நிற்பினும் பகரத்திற்கு ஹகரம் என்னும் நெறி பிறழாமல் வருவதால் உறவு நிறுவப்படுகின்றது. பழங்கன்னடத்தில் பகரமே இருந்தது என்பது அதனை உறுதிசெய்கின்றது. ஆகவே உறவுக்குச் சான்று ஓசை ஒப்புமை அன்று. ஓசை வேறுபாட்டின் ஒழுங்கே. இந்த அரிச்சுவடி தமிழ் – கொரியப் பட்டியல்களில் இடம்பெறவில்லை.

பட்டியலில் முதலிடம் பெறும் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். கொரியக் குழந்தை தாயை 'ஓம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைக்கின்றது. குழந்தையின் வாய்க்கு எளிதில் வரும் இதழொலிகளால் பெற்றோர்ப் பெயர் அமைவது உலகெங்கும் காணப்படுவது. ரோமன் யாகோப்சன் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். சீனத்திலும் மாமா, பாபா உண்டு. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்பது தந்தையைக் குறிக்கும். இத்தகைய சொற்களை உறவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது துறையின் தொடக்கப் பாடம்.

'வா' என்பதற்குக் கொரியத்திலும் 'வா' என்பர். கேட்டவுடன் வியப்புத் தோன்றுவது இயல்பு. ஆனால் அம்மொழியில் வினையடி 'ஓ' என்பதே. அதனோடு 'ஆ' என்னும் ஈறு சேர்ந்து 'வா' ஆகின்றது. தமிழில் வா, வரு என்பனவே அடி. ஒன்றில் வகரம் புணர்ச்சியால் தோன்றியது. மற்றொன்றில் வகரம் வேரிலேயே உள்ளது. 'ஓன்னி' என்னும் சொல் அண்ணியோடு ஒப்பிடப்படுகின்றது. கொரியத்தில் அது பெண்ணொருத்தி தன் தமக்கையை அழைக்கும் சொல். முன்னர் ஒத்த பாலினத்து மூத்தோரை, ஆடவரையும், குறித்து வழங்கியது. தமிழிலோ அண்ணன் என்பதன் பெண்பாலாய் அமைந்து அண்ணன் மனைவியைக் குறிக்கின்றது. புல் என்பதற்கு ஒப்பாகக் காட்டும் சொல்லின் முதலெழுத்து மூச்சொலி; தீயைக் குறிக்கும் மற்றொரு சொல்லிலிருந்து அதனை வேறுபடுத்துவது அம்மூச்சொலியே. தமிழ் எழுத்தில் எழுதியவுடன் அவ்வேறுபாடு மறைகின்றது, ஒப்புமை பிறக்கின்றது.

ஒவ்வாத சொற்களைப் பட்டியல் காட்டுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பவற்றுக்குக் கொரியம் ஹானா, தூல், செத், நெத், தாசோத் என்கின்றது. கண் – நூன், கை – சோன், வாய் – இப், குருதி – பி, நீர் – மூல், மூக்கு – கோ. அடிப்படைச் சொற்களில் இத்துணை விலகி நிற்கும் மொழிகளை உடன்பிறப்பு என்பது பொருந்துமா? எதிர்ச்சான்றை மறைத்துச் சார்ச்சான்றை மட்டும் அடுக்குவது வழக்காடு மன்றத்திற்கு ஒருவேளை ஏற்கும். ஆய்வு மன்றத்திற்கு ஏலாது. ஒன்று, எட்டு என்னும் தமிழ் எண்ணுப்பெயர்கள் ஆங்கிலத்து 'ஒன்', 'எய்ட்' என்பவற்றோடு ஒலிக்கும் நெருக்கம் கொரியத்தோடு எந்த எண்ணுப்பெயருக்கும் இல்லை. அதைக்கொண்டு ஆங்கிலத்தைத் தமிழின் சேய் என்போர் இன்மை ஆறுதல் தருவது.

ஒட்டுநிலை, எழுவாய் – செயப்படுபொருள் – பயனிலை என்னும் வைப்புமுறை, பெயருக்குப் பின் வரும் உருபு ஆகியவை இருமொழிக்கும் பொது என்பது மெய். அவை ஜப்பானிய, மங்கோலிய, துருக்கிய மொழிகளுக்கும் பொது. அமைப்பு வகை வேறு, பிறப்பு வேறு. தமிழ் வினைமுற்றுத் திணை, பால், எண், இடம் காட்டும். கொரிய வினைமுற்று இவற்றுக்கு இயைந்து வடிவம் மாறுவதில்லை. தொல்காப்பியம் பயின்றோர் இவ்வேறுபாட்டைச் சிறிதென்று கருத மாட்டார்கள்.

எல்லாவற்றினும் பெரிய இடர் கொரிய மொழியின் பழஞ்சான்று குறைவு என்பதாகும். ஹங்குல் எழுத்து வெளியிடப்பட்டது 1446இல். அதற்கு முற்பட்ட கொரியம் சீன எழுத்துகளின் திரைக்குப் பின்னால் நிற்கின்றது. கயா நாட்டு மொழி என்று தெளிவாகக் குறிக்கப்பட்டு நமக்கு எட்டியிருப்பது ஒரே ஒரு சொல். 1145இல் இயற்றப்பட்ட 'சம்குக் சாகி' அதனைத் தருகின்றது. வாயிலைக் குறிக்கும் அச்சொல் 'தோல்' என்பது போல ஒலித்திருக்க வேண்டும் என்பர். வாயில், கதவு, கடை என்னும் தமிழ்ச் சொற்கள் எவற்றோடும் அது ஒவ்வாது. கயா மொழியில் தமிழ் கலந்தது என்போர் முதலில் எடுத்தாண்டிருக்க வேண்டிய இச்சொல், அவர்தம் கட்டுரைகளில் தலைகாட்டுவதில்லை.

தமிழ் – ஜப்பானிய ஒப்பீட்டில் ஈடுபட்ட சுசுமு ஓனோ பழஞ்ஜப்பானியத்தில் பெரும்புலமை உடையவர். சங்க நூல்களையும் முயன்று பயின்றவர். அவர் முடிவுகளையே ஒப்பியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர் உழைப்பில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத பட்டியல்களுக்கு அவர் பெயரையே அரணாக நிறுத்துவது அவருக்கும் நீதி அன்று.

பீர்மேடு காட்டும் நெறி

கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ள பீர்மேடு, தன் பெயரிலேயே ஒரு பண்பாட்டுக் கலப்பைத் தாங்கி நிற்கின்றது. பீர் என்பது ஞானாசானைக் குறிக்கும் பாரசீகச் சொல். மேடு திராவிடச் சொல். பீர் முகம்மது என்னும் சூஃபி ஞானியின் பெயரால் இவ்வூர் பெயர் பெற்றது என்பது மரபு. பாரசீகச் சொல் இம்மலைக்கு வந்த வழியை வரலாறு காட்டும்: கடல் வணிகம், இசுலாம், தமிழ் வழங்கிய சூஃபி மரபு. பாரசீகமும் தமிழும் ஒரு தாய் மக்கள் என்று இதைக்கொண்டு எவரும் கூறுவதில்லை. கடன் வேறு, உறவு வேறு என்னும் தெளிவு இங்கே இயல்பாக உள்ளது.

இதனினும் சிறந்த சான்று அம்மலையின் பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்குப் பின் தேயிலை அங்கே பரவியது. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் கொய்வது தேயிலை. அவ்வூர் மலையாளிகளின் கடையில் குடிப்பது சாயா. 'தே' என்பது சீனத்துத் தென்கிழக்குக் கடற்கரை வழக்கு. டச்சு வணிகர் வழியே ஐரோப்பாவுக்குச் சென்று, ஐரோப்பியர் வழியே தமிழுக்கு வந்தது. 'சாயா' என்பதன் மூலமாகிய 'சா' பிற சீன வழக்குகளுக்குரியது. பாரசீகம் முதலிய மேற்காசிய மொழிகளின் வழியில் 'சாய்' என்றாகிப் பரவியது. கொரியரும் இப்பானத்தைச் 'சா' என்றே வழங்குகின்றனர்.

பட்டியல் முறையைப் பின்பற்றுவோர் கையில் இச்சொல் அகப்பட்டால் என்னவாகும்? மலையாளச் சாயாவும் கொரியச் சாவும் ஒலியாலும் பொருளாலும் முற்றும் ஒத்தவை. ஆகவே சேர நாட்டார் கொரியம் சென்றனர் என்று முடிப்பர். உண்மையில் இரண்டும் சீனத்திடம் தனித்தனியே பெற்ற கடன்கள். சொல் எந்த வாயிலின் வழியே எந்நூற்றாண்டில் நுழைந்தது என்பது இங்கே தெரிந்திருப்பதால் நாம் ஏமாறுவதில்லை. தெரியாத இடங்களில் ஏமாறாதிருக்க முறையியல் வேண்டும்.

இது கற்பனையான எச்சரிக்கையும் அன்று. அரசி ஹோ இந்தியாவிலிருந்து தேயிலை விதை கொணர்ந்தாள் என்னும் கதை கொரியாவில் வழங்குகின்றது; அது அச்சேறியது 1918இல் வெளிவந்த நூலொன்றில். சம்குக் சாகியோ, கி.பி. 828இல் தாங் சீனத்திலிருந்து தூதர் ஒருவர் விதை கொணர்ந்து சிரி மலையில் பயிரிடப்பட்டதாகக் குறிக்கின்றது. முதல் நூற்றாண்டுத் தமிழகத்தில் தேயிலை பயிரானது என்பதற்குச் சங்க இலக்கியம் முழுவதையும் அலசினும் ஒரு சொல் கிடைக்காது. இன்று தேயிலை போர்த்திய குன்றுகளைக் கண்டு அன்றும் அவ்வாறே இருந்தன என்று எண்ணுவது, பயிருக்கு வரலாறு உண்டு என்பதை மறப்பதாகும்.

மிளகின் செய்தியும் இதற்குத் துணை செய்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மிளகு கொரிய அரசவையை எட்டியது. 1389இல் ரியூக்யூ மன்னன் கோர்யோவுக்கு அனுப்பிய பொருள்களுள் மிளகு 300 கட்டி இடம்பெற்றது என்று 'கோர்யோசா' குறிக்கின்றது. அக்காலத்தே சுமத்திராவிலும் மிளகு விளைந்தமையால் அது எம்மலை மிளகு என்று அறுதியிட இயலாது. ஆனால் ஒன்று தெளிவு: கொரியர் அதனை 'ஹூச்சு' என்கின்றனர், அது சீனப் பெயரின் திரிபு. பொருள் சென்றது, மிளகு என்னும் பெயர் செல்லவில்லை. இடையில் பல கைகள் மாறின என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. இந்தோ – பசிபிக் மணிகள் எனப்படும் சிறு கண்ணாடி மணிகளின் நிலையும் இதுவே. அரிக்கமேட்டில் செய்யப்பட்ட அவ்வகை மணிகள் கொரியக் கல்லறைகளிலும் கிடைக்கின்றன. ஆனால் தென்கிழக்காசியாவிலும் அவை செய்யப்பட்டன. கைமாறிச் சென்ற வணிகத்தைக் குடியேற்றம் என்று எழுதுவது பொருந்தாது.

சான்றுள்ள தொடர்புகள்

கதையை விலக்கினால் எஞ்சுவது வெறுமை என்று அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சுவது வளமானது.

முதலாவது, வஜ்ரபோதி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்வழிச் சீனம் சென்ற இப்பௌத்த ஆசான், தென்னிந்தியாவில் போதலக மலைக்கு அருகிலுள்ள மலைய நாட்டினர் என்று சீனத் துறவியர் வரலாறு கூறுகின்றது. காஞ்சியில் பல்லவன் நரசிம்மவர்மனின் அவையோடு அவரைத் தொடர்புபடுத்தும் செய்தியும் உண்டு. அவரிடம் பயின்றவர் சில்லா நாட்டுத் துறவி ஹ்யேச்சோ. இந்தியா முழுவதும் சுற்றி கி.பி. 727இல் சீன எல்லைக்கு மீண்டவர். 733இல் சாங்கான் நகரத்து மடமொன்றில் வஜ்ரபோதியிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். ஹ்யேச்சோவின் பயண நூலின் ஏட்டினை 1908இல் துன்ஹுவாங் குகையில் பால் பெல்லியோ கண்டெடுத்தார். தென்னாட்டு ஆசானும் கொரிய மாணவரும் ஒரே மடத்தில் அமர்ந்த செய்தி இது. ஆண்டு உண்டு, இடம் உண்டு, பெயர் உண்டு.

மலைய நாடு என்பது தென்கோடி மேற்கு மலைத்தொடரைச் சார்ந்த நாடு. பீர்மேடும் அத்தொடரில் உள்ளது என்பதனால் வஜ்ரபோதி பீர்மேட்டார் என்று நாளை ஒரு கட்டுரை வந்தால், அதுவும் மறுக்கப்பட வேண்டியதே.

இரண்டாவது, போதலகம் என்னும் பெயர். மலைய மலைக்குக் கிழக்கே போதலகம் உள்ளது, அங்கு அவலோகிதர் உறைகின்றார் என்று யுவான் சுவாங் எழுதினார். அது பொதியிலே என்று கருதும் அறிஞர் உளர். அவதம்சக மரபில் தோய்ந்த சில்லா நாட்டு உய்சாங், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொரியாவின் கீழைக் கடற்கரையில் நிறுவியதாக மரபு கூறும் கோயில் நக்சான்சா. நக்சான் என்பது போதலகம் என்பதன் கொரிய ஒலிபெயர்ப்பின் சுருக்கம். அதே அவதம்சக மரபின் கண்டவியூகப் பகுதியில் திராவிட நாட்டு மேகன் என்பார் ஆசான்களுள் ஒருவராக வருகின்றார். தென்னக மலையொன்றின் பெயர் நூல் வழியே, சீனம் வழியே, கொரியக் கடற்கரையில் நிலைபெற்றுள்ளது. கண்முன் நிற்கும் இம்மலைப் பெயரை விட்டுவிட்டு மஞ்சள் மணியைச் செம்பவளமாக்குவானேன்?

மூன்றாவது, தருமபாலர். காஞ்சியில் பிறந்து நாலந்தாவின் தலைவரானவர் என்று யுவான் சுவாங் கூறும் இவரது யோகாசார விளக்கமே, 659இல் யுவான் சுவாங் மொழிபெயர்த்துத் தொகுத்த பெருநூலின் அடிப்படை. சில்லாவிலிருந்து சீனம் சென்ற வோன்சுக் (613–696) அந்நூற்கருத்துகளை ஆராய்ந்து உரைவரைந்தவர். காஞ்சிச் சிந்தனையாளரைக் கொரியச் சிந்தனையாளர் வரிக்கு வரி எடைபோட்ட செய்தி தமிழில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

நான்காவது, ஒரு திருமணம். இது பதின்மூன்றாம் நூற்றாண்டினது. மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கடற்கரையில் செல்வாக்குற்றிருந்த வணிகக் குடும்பத்தினர் ஒருவர், சீன ஏடுகளில் போஹாலி என்று குறிக்கப்படுபவர், தம் நாட்டு அரசரோடு மாறுபட்டுக் குப்லாய் கானின் யுவான் அரசை அடைந்தார். அவருடைய முன்னோர் ஓமன் கடற்கரைக் கல்ஹாத் நகரினர். தந்தையோ பாண்டிய அரசக் குடும்பத்தோடு உடன்பிறந்தார் போலப் பழகியவர். கோர்யோ நாட்டுச் சே இன் க்யு என்பவரின் மகள் முதலில் யுவான் அமைச்சர் ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டாள். 1291இல் அவ்வமைச்சர் கொல்லப்பட்டபின் பேரரசன் அவளைப் போஹாலிக்கு அளித்தான். அவ்வுறவின் பொருட்டு 1298இல் போஹாலி கோர்யோ அரசவைக்குத் தூதனுப்பினார். வெள்ளியிழைத் தொப்பி, பொற்பின்னல் துணி, அகில், தம் நாட்டுத் துணி ஆகியவை அவர் அனுப்பியவை. இதனைக் கோர்யோசா பதிந்து வைத்துள்ளது.

பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கும் கொரியக் குடும்பத்திற்கும் இடையே நிகழ்ந்த, ஆண்டும் பெயரும் பரிசுப் பொருளும் அறியப்பட்ட திருமண உறவு இது. இதற்கு விழா எடுப்பார் இல்லை. காரணம் ஊகிக்கத்தக்கதே: அவர் அரபுக் கால்வழியினர், இசுலாமியர், அப்பெண் பேரரசனால் கைமாற்றித் தரப்பட்டவள், கதையில் பெருமை குறைவு, துயரம் மிகுதி. தமிழ்க் கடற்கரையின் வணிக உலகம் அத்தகையோரால் இயன்றதே என்பதை ஏற்காதவர்களால் உண்மையான தொடர்பைக் காண இயலாது. சம்குக் யுசா தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 1281ஆம் ஆண்டிலேயே சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயில் ஒன்றுக்குத் தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு நிறுவப்பட்டது என்பதும், போஹாலி வாழ்ந்தது அத்துறைமுகத்தில் என்பதும் சேர்த்து எண்ணத்தக்கன. தமிழரும் கொரியரும் சந்தித்த இடம் கயாக் கடற்கரை அன்று. சீனத்து மடங்களும் துறைமுகங்களுமே.

எதிர்வாதங்கள்

வாய்மொழி மரபையும் தொன்மத்தையும் ஐயுறுவது மேலைநாட்டு மனப்பான்மை என்று சிலர் கூறுவர். தொன்மத்தை மதித்தல் வேறு; அதனை நாட்குறிப்பாகப் படித்தல் வேறு. கிம்ஹே கிம் குலத்தார் உள்ளிட்ட இலட்சக்கணக்கான கொரியர் அவ்வரசியைத் தம் மூதாய் எனப் போற்றுவது அவர்தம் பண்பாட்டு உண்மை, அது மதிப்பிற்குரியது. அவளுக்கு நாம் ஊரும் சாதியும் மொழியும் கற்பிப்பது அம்மதிப்பைக் குறைப்பதாகும்.

முதல் நூற்றாண்டிலேயே தமிழகக் கப்பல்கள் கீழைக்கடலில் ஓடினவே, ஏன் கொரியம் சென்றிருக்கலாகாது என்பர். இயலும் என்பது நிகழ்ந்தது ஆகாது. தாய்லாந்தில் தமிழ் எழுத்துப் பொறித்த பொன் உரைகல் கிடைத்தது. தக்குவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கிடைத்தது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்தது. இத்தகைய ஒன்று கொரியாவில் கிடைக்கும் நாளில் இக்கட்டுரையின் இப்பகுதி தானே வலுவிழக்கும்.

இதனால் யாருக்கு என்ன தீங்கு என்பதே இறுதியாக எழும் வினா. தீங்கு உண்டு. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த மெய்யான சான்றுகளைப் பிறர் ஐயுறும்போது, எல்லாம் தமிழே என்பார் கூற்று இது என்று ஒதுக்குவதற்கு நம் பட்டியல்களே கருவியாகின்றன. முனைவர்ப்பட்ட ஆய்வாளர் ஒருவரின் நான்கைந்து ஆண்டுகள், கொரிய எழுத்தைக் கூடப் படிக்கத் தெரியாமல், இணையத்தில் கிடைத்த சொற்களை இரு நிரலாக அடுக்குவதில் கழிகின்றன. அவருக்கு வாய்க்காமற் போன பயிற்சியை எவரும் பின்னர் ஈடுசெய்ய இயலாது.

செய்யத்தக்கன

கோர்யோசாவின் குறிப்பு, போஹாலியின் நினைவுரை, ஹ்யேச்சோவின் பயண நூல், சீனத் துறவியர் வரலாறுகளில் தென்னாட்டார் பற்றிய பகுதிகள் ஆகியவை மூலத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வருதல் வேண்டும். அதற்குச் செவ்வியல் சீனமும் கொரியமும் அறிந்த இருவர் மூவரையேனும் தமிழ்த் துறைகள் உருவாக்க வேண்டும். சொல் ஒப்பீட்டுக் கட்டுரைகளை ஏற்கும் இதழ்கள் மூன்றைக் கட்டாயமாக்கலாம்: ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைக்கும் மிகப் பழைய வடிவம், பல சொற்களில் பொருந்தும் ஒலிநெறி, ஒவ்வாத அடிப்படைச் சொற்களின் பட்டியல்.

மற்றொரு கடமை அருகிலேயே காத்துக் கிடக்கின்றது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இணைந்தன. அங்குத் தோட்டத் தமிழர் தலைமுறைகளாகப் பேசிவரும் தமிழ், மலையாளத்தோடு நாள்தோறும் கொண்டும் கொடுத்தும் வாழ்வது. பளியர், ஊராளி, மன்னான் முதலிய பழங்குடியினரின் பேச்சு வழக்குகள் தமிழ் – மலையாளப் பிரிவின் வரலாற்றுக்கு இன்றியமையாதவை. 2000க்குப் பின் பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டன, குடும்பங்கள் பெயர்ந்தன, பிள்ளைகள் வேறு பயிற்றுமொழிக்கு மாறினர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கலந்ததாகக் கூறும் மொழிகளுக்குச் சான்று தேடுவோர், இன்று கண்முன் கலக்கும் மொழிகளைப் பதிவு செய்யாமல் விடுவது பொறுக்கத்தக்கதன்று. கடன் வாங்கும்போது எவ்வொலி மாறும், எவ்வுருபு நிற்கும், எச்சொல் முதலில் நுழையும் என்பவற்றை அம்மலையில் பயின்றவரே பழங்காலத் தொடர்புகளைப் பற்றியும் தகுதியோடு பேசவல்லவர்.

முடிவுரை

சம்குக் யுசாவின் அரசி வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கவள் அல்லள்; ஆயிரம் ஆண்டுக்குப் பின் பௌத்த மரபு வடித்த திருவுரு. தமிழ் – கொரியச் சொற்பட்டியல் ஒலிநெறியும் பழவடிவும் இன்றி உறவை நிறுவ வலியற்றது. மாறாக, வஜ்ரபோதி – ஹ்யேச்சோ, தருமபாலர் – வோன்சுக், போதலகம் – நக்சான், போஹாலி – சே குடும்பம் என்னும் நான்கும் எழுத்துச் சான்றின்மேல் நிற்கின்றன. இந்நான்கும் சீனத்தின் வழியே நிகழ்ந்தவை. நூலாலும் வணிகத்தாலும் நிகழ்ந்தவை. குருதி உறவாலோ மொழி உறவாலோ நிகழ்ந்தவை அல்ல. இதனை ஏற்பதால் தமிழின் பெருமை குறையாது. தமிழ்த் துறைகள் அடுத்து வரும் ஆய்வேடுகளை இத்திசையில் நெறிப்படுத்துமாயின், கொரிய அறிஞரோடு சமமாக அமர்ந்து உரையாடும் தகுதி தமிழாய்வுக்கு வாய்க்கும்.